கடைமடைக்கும் எட்டட்டும் இணையம்: இல்லங்களில் கம்பி அமைப்பும் இணைப்பான் தேர்வும்

ஒரு பாசனத் திட்டத்தின் வெற்றியை அணையின் உயரத்தைக் கொண்டு யாரும் மதிப்பிடுவதில்லை. கடைமடை வயலில் தண்ணீர் ஏறியதா என்பதே அதற்கு உரைகல். தகவல் தொடர்புத் திட்டங்களுக்கும் இது பொருந்தும். கடலடிக் கம்பிவடங்கள் வழியே மும்பைக் கரையை அடையும் இணையம், நகரெங்கும் அமைந்துள்ள ஒளியிழைகள் வழியே தெருமுனை வரை விரைந்து வருகிறது. அதன்பின் கட்டடத்தின் மாடிப்படி, கூடத்துச் சுவர், படிப்பறை மேசை என்ற கடைசிச் சில மீட்டர்களில்தான் பல வீடுகளில் அது தேங்கி நிற்கிறது.

அரசின் கொள்கை இத்துறையில் படிப்படியாக விரிந்து வந்துள்ளது. 2004ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலக்கற்றை என்று வரையறுத்தது. 2013இல் இந்த எல்லை 512 கிலோபிட்டாகவும், 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் தேசியத் திட்டம் 2011இல் ஒப்புதல் பெற்று, 2015 முதல் 'பாரத்நெட்' என்ற பெயரில் நடைபெற்று வருகிறது. பெருநகரங்களில் வினாடிக்கு 100, 300 மெகாபிட் என்ற வேகங்கள் இன்று நடுத்தரக் குடும்பங்களுக்கும் விற்கப்படுகின்றன.

ஆயினும் விற்கப்படும் வேகமும் மேசைமேல் கிடைக்கும் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. சேவை நிறுவனத்தின் பொறுப்பு, வாசற்கதவருகே அது பொருத்தும் பெட்டியோடு முடிந்துவிடுகிறது. கட்டடம் கட்டியவர் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் வழிவிட்டதோடு தம் கடமை முடிந்ததாகக் கருதுகிறார். குடியிருப்பவருக்கோ கம்பியின் தரத்தையும் இணைப்பின் செம்மையையும் அறியும் வழி தெரிவதில்லை. பொறுப்பாளர் இல்லாத இந்தக் கடைசித் தொலைவைச் செம்மை செய்வது எவ்வாறு என்பதை, மும்பையின் சயான் பகுதியைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது பயனுள்ளதாகும்.

சயான்: ஒரு நகர்ப்பகுதியின் கம்பி வரலாறு

சயான் என்ற இடத்தை மராத்தியில் 'சீவ்' என்பர். எல்லை என்பது அதன் பொருள். பழைய மும்பைத் தீவு முடிந்து சால்செட் தீவு தொடங்கும் எல்லையாக அது விளங்கிற்று. 1896இல் பரவிய கொள்ளை நோயை அடுத்து, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. தாதர், மாதுங்கா, சயான் வட்டாரங்களைத் திட்டமிட்ட குடியிருப்புகளாக வகுத்தது அந்த அமைப்பே. தென்னாட்டிலிருந்து அலுவல் தேடி வந்த குடும்பங்கள் இப்பகுதியில் குடியேறின. அவர்களின் முயற்சியால் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இன்றும் இங்குப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்தி வருகிறது. மேற்கே தாராவி, வடகிழக்கே செம்பூர் என்று தமிழ்மக்கள் நெருங்கி வாழும் பகுதிகள் சயானைச் சூழ்ந்துள்ளன.

இப்பகுதியின் பழைய கட்டடங்கள் மூன்று, நான்கு மாடி உயரமும் தடித்த சுவர்களும் கொண்டவை. மின்கம்பிக்கு மட்டுமே அவற்றில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. தொலைபேசி வந்தபோது அதன் கம்பி வெளிச்சுவரில் ஆணியடித்து ஏற்றப்பட்டது. 1991இல் வளைகுடாப் போர்ச் செய்திகளை ஒட்டிச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி பரவியபோது, கேபிள்காரர்கள் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கருப்புக் கம்பிகளை இழுத்தனர். கேபிள் தொலைக்காட்சியை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1995இல்தான் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 15 அன்று இணையச் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முதலில் தொலைபேசிக் கம்பி வழியாகவும், பின்னர் கேபிள்காரர்கள் கட்டடம் விட்டுக் கட்டடம் இழுத்த லேன் கேபிள் வழியாகவும் அது வீடுகளுக்குள் நுழைந்தது. இன்று ஒளியிழை வருகிறது. ஒவ்வொரு தலைமுறைக் கம்பியும் முந்தையதன் மேல் படர்ந்ததேயன்றி, பழையதை அகற்றுவார் எவருமில்லை. படிக்கட்டு ஓரங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கம்பிகளுள் பயனில் உள்ளவை எவை, பயனற்றவை எவை என்று சொல்லக்கூடியவர் அக்கட்டடத்திலேயே இருப்பதில்லை.

தாராவியின் நிலை இன்னும் கடினமானது. கீழே தொழிற்கூடம், செங்குத்தான ஏணியின் மேலே பத்தடிக்குப் பத்தடி அறையில் குடும்பம் என்ற அமைப்பு அங்கு மிகுதி. 2020 மார்ச் மாதம் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, வீட்டில் உள்ள இணைப்பின் தரம் பிள்ளைகளின் கல்வியோடு நேரடியாகத் தொடர்புடையதாயிற்று. வகுப்பு நடுவே அறுந்துபோகும் இணைப்பு, விடைத்தாள் ஏறாமல் நின்றுவிடும் இணைப்பு ஆகியவற்றின் இழப்பைப் பணத்தால் மட்டும் கணக்கிட இயலாது.

இன்று இப்பகுதியின் பழைய கட்டடங்கள் பல மறுசீரமைப்புக்காக இடிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் உயர்ந்த அடுக்ககங்கள் எழுகின்றன. சுவர் பூசுவதற்கு முன்பு எடுக்கப்படும் முடிவு அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்குக் குடியிருப்போரைக் கட்டுப்படுத்தும். ஆகவே இப்பொருளைப் பற்றிய தெளிவு உடனடித் தேவையாகிறது.

முறுக்கின் பயன்

வீட்டினுள் இணையத்தைக் கொண்டுசெல்லும் செம்புக் கம்பிவடத்தை அறுத்துப் பார்த்தால், எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருப்பதைக் காணலாம். இந்த முறுக்குக்கு ஒரு காரணம் உண்டு. அருகில் ஓடும் மின்கம்பியோ மோட்டாரோ எழுப்பும் குறுக்கீடு, முறுக்கிய இணையின் இரு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்குகிறது. மறுமுனையிலுள்ள கருவி இரு கம்பிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மட்டுமே செய்தியாக எடுத்துக்கொள்வதால், இரண்டுக்கும் பொதுவான குறுக்கீடு நீங்கிவிடுகிறது. தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

கம்பிவடங்களின் தரத்தை வகைப்படுத்தும் அமெரிக்கத் தரநிர்ணயம் 1991இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அதன்பின் பன்னாட்டுத் தரங்களும் உருவாயின. 'கேட் ஃபைவ்-இ' என்னும் வகை 100 மெகாஹெர்ட்ஸ் வரையும், 'கேட் சிக்ஸ்' 250 வரையும், 'கேட் சிக்ஸ்-ஏ' 500 வரையும் உள்ள அலைவெண்களுக்குச் சோதிக்கப்படுகின்றன. இம்மூன்றும் வினாடிக்கு 1 கிகாபிட், அதாவது 1,000 மெகாபிட் வேகத்தை 100 மீட்டர் தொலைவு வரை சுமக்க வல்லவை. 10 கிகாபிட் வேகம் வேண்டுமாயின் 'கேட் சிக்ஸ்' ஏறத்தாழ 55 மீட்டர் வரையும், 'கேட் சிக்ஸ்-ஏ' 100 மீட்டர் வரையும் பயன்படும். இந்த 100 மீட்டர் என்பது சுவரினுள் நிலையாகப் பதிக்கும் 90 மீட்டரையும், இருமுனைகளிலும் சேர்க்கப்படும் இணைப்புக் கம்பிகளின் 10 மீட்டரையும் உள்ளடக்கியதாகும்.

ஒரு அடுக்கக வீட்டினுள் கம்பியின் நீளம் 30 மீட்டரைத் தாண்டுவது அரிது. எனவே 'கேட் சிக்ஸ்' வகையே இல்லங்களுக்குப் போதுமானது. எண் பெரிதானால் தரமும் உயர்ந்தது என்று எண்ணி, 'கேட் செவன்' என்று அச்சிட்ட கம்பியைக் கூடுதல் விலைக்கு வாங்குவோர் உண்டு. அந்த வகைக்குப் பன்னாட்டுத் தரம் வகுத்த இணைப்பான்கள் வேறு அமைப்பு உடையவை. சாதாரண இணைப்பானைப் பொருத்தியபின் அந்தப் பெயருக்கு உரிய பயன் கிடைப்பதில்லை. அதுபோலவே, கவசத்தாள் சுற்றிய கம்பியைப் போட்டுவிட்டு அக்கவசத்தை நிலத்தொடர்பு செய்யாமல் விடுவதும் வீண்செலவேயாகும்.

இணைப்பானில் ஏற்படும் பிழைகள்

ஒரு சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியைப் பொறுத்தது. இல்லக் கம்பி அமைப்பில் அந்த மெலிந்த கண்ணி பெரும்பாலும் இணைப்பானே. பேச்சு வழக்கில் 'ஆர்.ஜே. 45' என்று அழைக்கப்படும் இணைப்பானில் எட்டு இடங்களும் எட்டு தொடுதகடுகளும் உள்ளன. தொலைபேசிக்குரிய 'ஆர்.ஜே. 11' இதனினும் குறுகலானது. அந்தச் சிறிய இணைப்பானை இந்தப் பெரிய குழியில் செருகினால் அது நுழைந்துவிடும். ஆனால் ஓரத்திலுள்ள தொடுகம்பிகள் வளைந்துபோக நேரும். பழைய தொலைபேசிக் குழிகள் உள்ள வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

எட்டுக் கம்பிகளையும் அடுக்குவதற்கு 'ஏ', 'பி' என இரண்டு நிற ஒழுங்குகள் வகுக்கப்பட்டுள்ளன. 'பி' ஒழுங்கில் இடமிருந்து வலமாக வெண்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெண்பச்சை, நீலம், வெண்நீலம், பச்சை, வெண்பழுப்பு, பழுப்பு என்று கம்பிகள் அமையும். 'ஏ' ஒழுங்கில் செம்மஞ்சளும் பச்சையும் தம்முள் இடம் மாறிக்கொள்ளும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் பயன் ஒன்றே. ஆனால் ஒரு வீடு முழுவதும், ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும், ஒரே ஒழுங்கு பின்பற்றப்படல் வேண்டும்.

நிறங்களை இந்த ஒழுங்கில் அடுக்காமல், இணை இணையாக வரிசைப்படுத்திவிட்டால் என்ன? இரு முனைகளிலும் ஒரே வரிசை இருந்தால் போதாதா என்று வேலையாட்கள் கேட்பதுண்டு. இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. இணைப்பானின் 3ஆம் இடமும் 6ஆம் இடமும் ஒரே இணையாகச் செயற்படும்படி கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன. இணை இணையாக அடுக்கும்போது 3ஆம் இடத்தில் பச்சை இணையின் கம்பியும் 6ஆம் இடத்தில் நீல இணையின் கம்பியும் வந்துவிடும். ஒரு செய்தி, வெவ்வேறு முறுக்குகளைச் சேர்ந்த இரு கம்பிகளில் பிரிந்து ஓடும். குறுக்கீட்டை நீக்கும் முறுக்கின் பயன் அங்கே அழிகிறது. தொடர்ச்சியை மட்டும் சோதிக்கும் மலிவான சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். இணைப்பு நன்றாக உள்ளது என்று வேலையாள் போய்விடுவார். ஓரிரு மீட்டர்க் கம்பியில் குறை தெரியாமலும் போகலாம். நீளம் கூடும்போது வேகம் குன்றும், இணைப்பு அடிக்கடி அறுபடும்.

இன்னொரு பிழை, கம்பியின் வகைக்கும் இணைப்பானின் வகைக்கும் உள்ள பொருத்தமின்மை. சுவரினுள் பதிக்கும் கம்பி ஒற்றைத் திடக் கம்பியாலானது. மேசைமேல் வளைந்து நெளியும் இணைப்புக் கம்பி பல நுண்ணிழைகளால் ஆனது. நுண்ணிழைகளின் ஊடே குத்தி நுழையும் வகையில் அமைந்த தொடுதகடு, திடக் கம்பியில் சரியாகப் பற்றாது. திடக் கம்பிக்கு அதன் இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் தகடுகள் தேவை. மேலும் 'கேட் சிக்ஸ்' கம்பி 'கேட் ஃபைவ்-இ' கம்பியைவிடப் பொதுவாகச் சற்றுத் தடித்தது. பழைய வகை இணைப்பானின் துளைகளில் அதை வலிந்து திணிக்கும்போது உறை நசுங்கிப் பற்று தளர்கிறது. கம்பியும் இணைப்பானும் சுவர்க்குழியும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருப்பதே சரி. இவற்றுள் ஒன்று தாழ்ந்த வகையாயின், முழு இணைப்பும் அந்தத் தாழ்ந்த வகையின் தரத்தையே பெறும்.

முனையில் முறுக்கைப் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீட்டருக்கு மிகலாகாது என்பதும், புறவுறை இணைப்பானின் உட்புறம் வரை சென்று பிடிபட வேண்டும் என்பதும் தர விதிகள். சுவரில் பதிக்கும் திடக் கம்பியின் முனையில் இணைப்பானை நேராக நசுக்கிப் பொருத்துவதைவிட, சுவர்க்குழியில் அழுத்திப் பதித்து, அங்கிருந்து ஆயத்த இணைப்புக் கம்பியால் கருவிக்குக் கொண்டுசெல்வதே நீடித்து உழைக்கும்.

ஒரு கம்பியின் விலை

இப்பிழைகள் குடும்பச் செலவில் எவ்வாறு பிரதிபலிக்கின்றன என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும். 1999இல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட் முறையோ நான்கு இணைகளையும் பயன்படுத்தி, ஒவ்வொன்றிலும் 250 மெகாபிட்டை அனுப்புகிறது. எட்டில் ஒரு கம்பி பற்றாமல் போனாலும் கிகாபிட் முறை இயங்காது. நீல அல்லது பழுப்பு இணையில் பழுது நேர்ந்தால், பல கருவிகள் எவ்வித எச்சரிக்கையுமின்றி 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். இணையம் நிற்பதில்லை, ஆகவே யாரும் ஐயுறுவதுமில்லை.

300 மெகாபிட் திட்டத்துக்காக ஒரு குடும்பம் மாதந்தோறும் 300 ரூபாய் கூடுதலாகச் செலுத்துவதாகக் கொள்வோம். ஐந்தாண்டுகளில் அது 18,000 ரூபாய் ஆகிறது. பற்றாத ஒரு கம்பியின் காரணமாக, கம்பிவழி இணைந்த கணினிக்கு அந்த 18,000 ரூபாயின் பயன் சிறிதும் கிட்டாது. அந்தப் பிழையை நீக்கத் தேவைப்படுவது ஒரு புதிய இணைப்பானும் சில நிமிட வேலையுமே. வேகத்தைச் சோதிக்கும்போது அளவு எப்போதும் 90, 95 மெகாபிட் அளவில் வந்து நின்றால், சேவை நிறுவனத்தின் மேல் குறைகூறுமுன் வீட்டினுள் இருக்கும் இணைப்பான்களைப் பரிசோதிப்பது நலம்.

போலிக் கம்பியும் சந்தையும்

இணைப்பானின் பிழையைத் திருத்திவிடலாம். சுவரினுள் பதிந்த கம்பியே தரக்குறைவாக இருந்தால் திருத்துவது கடினம். செம்பின் விலை ஏற்றத்தால், அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு இட்ட கம்பிவடங்கள் சந்தையில் மலிந்துள்ளன. புறத்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறக்குறைய 60 விழுக்காடே. அது வளைவுகளில் எளிதில் முறியும். இணைப்பானின் தகடு பூச்சைக் கிழிக்கும் இடத்தில், மும்பையின் உப்புக் கலந்த ஈரக்காற்று பட்டு அரிப்பும் தொடங்கும். கண்காணிப்புக் காமிரா போன்ற கருவிகளுக்கு இதே கம்பி வழியே மின்சாரமும் அனுப்பப்படும்போது, கூடுதல் மின்தடையால் கம்பி சூடேறுகிறது. கட்டாகக் கட்டிய கம்பிகளில் இது ஆபத்தானது. இத்தகைய கம்பியை மேற்கூறிய தரநிர்ணயங்கள் ஏற்பதில்லை.

தரத்தை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் என்ற நிலையில், தரமற்ற பொருள் தரமான பொருளைச் சந்தையிலிருந்து வெளியேற்றிவிடும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய மோட்டார் வண்டிகளின் சந்தையை எடுத்துக்காட்டி விளக்கினார். 2001இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். கம்பிச் சந்தை இதற்குத் தக்க சான்றாகும். முழுச் செம்புக் கம்பியை நேர்மையாக விற்கும் வணிகர், அதே பெயரில் பாதி விலைக்கு விற்பவரோடு போட்டியிட இயலாமல் போகிறார்.

வாங்குபவர் தம்மைக் காத்துக்கொள்ள எளிய வழிகள் உண்டு. கத்தியால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெண்மை தெரிவது அலுமினியம்; முழுவதும் செம்மையாக இருப்பது செம்பு. செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல் மும்மடங்குக்கும் மேலாதலால், ஒரே நீளமுள்ள சுருள்களின் எடையை ஒப்பிட்டாலும் உண்மை புலப்படும். உறைமேல் 'சி.சி.ஏ.' என்ற எழுத்துகள் இருந்தால் அது பூச்சுக் கம்பியே. விற்பனைச் சீட்டில் 'முழுச் செம்பு' என்று எழுதி வாங்குவது பின்னர் முறையிடுவதற்கு ஆதாரமாகும்.

ஒளியிழையும் அதன் நிறங்களும்

இன்று வீட்டு வாசல் வரை வரும் ஒளியிழையில் செய்தி ஒளியாகப் பயணம் செய்கிறது. பரவலாக உள்ள 'ஜிபான்' முறையில், வீட்டை நோக்கி 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும், வீட்டிலிருந்து 1310 நானோமீட்டர் அலைநீளத்திலும் ஒளி ஒரே இழையில் எதிரெதிராகச் செல்கிறது. இழையின் ஒளி ஓடும் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் ஒன்பது கூறு அகலமே உடையது. ஆகவே இணைப்பான் முனையில் படியும் ஒரு தூசியும் ஒளியை மறைக்கப் போதுமானது. விரலால் தொடுதலும் ஆடையால் துடைத்தலும் தவிர்க்கப்பட வேண்டும்.

ஒளியிழை இணைப்பான்களில் நிறம் அழகுக்காக இடப்பட்டதன்று. நீல நிறத்தது நேர்முகமாக மெருகிடப்பட்டது. பச்சை நிறத்தது 8 பாகை சாய்வாக மெருகிடப்பட்டது. பச்சையைப் பச்சையோடும் நீலத்தை நீலத்தோடும் மட்டுமே இணைக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் முனைகளுக்கிடையே இடைவெளி தோன்றி ஒளி வீணாகும், முனைகளும் பழுதுபடும். எரியும் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகையைச் சேர்ந்ததாதலால், இழை முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது தீங்கானது.

ஒளியிழை முடிந்து செம்புக் கம்பி தொடங்கும் பெட்டியை எங்கே வைப்பது என்பதே குடும்பம் எடுக்க வேண்டிய முதல் முடிவு. பொருத்த வருபவர் தம் வசதிக்காகக் கதவருகே வைத்துவிடுகிறார். தடித்த சுவர்கள் கொண்ட பழைய சயான் வீடுகளில் கம்பியில்லா அலைகள் இரண்டாவது அறையிலேயே மெலிந்துவிடும். வீட்டின் நடுவிலுள்ள ஓரிடத்தில் மின்குழியோடு அப்பெட்டியை அமைத்து, அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் இரண்டு 'கேட் சிக்ஸ்' கம்பிகளைக் கொண்டுசெல்வதே பொருத்தமானது. ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று உதவும். கம்பி இணைப்பும் கம்பியில்லா இணைப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அறைதோறும் கம்பி சென்றால்தான் கம்பியில்லாக் கருவியை அறையருகே வைக்க முடியும்.

பதிக்கும் முறை

இணையக் கம்பியை மின்கம்பி செல்லும் அதே குழாயில் இழுப்பது பெருந்தவறு. குறுக்கீடு ஒருபுறமிருக்க, மின்கம்பியின் உறை கிழிந்தால் கணினியைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து நேரும். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய்கள் வேண்டும். ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். வளைவின் ஆரம் கம்பிவடத்தின் விட்டத்தைப் போல் குறைந்தது நான்கு மடங்கு இருத்தல் வேண்டும். இழுக்கும் விசை 110 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 11 கிலோ எடைக்கு மேற்படலாகாது. மீறினால் உள்ளேயுள்ள முறுக்கு நெகிழ்ந்துவிடும். குழாயில் பாதிக்கு மேல் வெற்றிடம் விட்டு, உள்ளே ஓர் இழுகயிற்றையும் போட்டுவைத்தால், நாளை வேறு கம்பி தேவைப்படும்போது சுவரை உடைக்க வேண்டியதில்லை.

இரு கட்டடங்களுக்கிடையே மொட்டைமாடி வழியே செம்புக் கம்பியை இழுப்பது, இடிமின்னல் காலத்தில் கருவிகளைக் கருக்கும் வழியாகும். கண்ணாடியாலான ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது. எனவே கட்டடங்களுக்கிடையே உலோகப் பகுதிகள் இல்லாத ஒளியிழையே உகந்தது. கட்டடத்தின் பொதுப் பெட்டியைத் தரைத்தளத்தில் தாழ்வாக அமைப்பதும் மும்பைக்கு ஒவ்வாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. சயான், மாதுங்கா வட்டாரத்தின் தாழ்ந்த தெருக்களில் மழைக்காலந்தோறும் நீர் தேங்குகிறது. நீர் ஏறும் அளவுக்கு மேலே பெட்டி இருக்க வேண்டும்.

வேலை முடிந்தபின் ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் எண் ஒட்டி, வரைபடம் ஒன்றைத் தயாரித்துக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் அலுவலகத்தில் வைப்பது செலவில்லாத, ஆனால் பெரும்பாலும் செய்யப்படாத பணியாகும்.

சங்கங்களின் கடமையும் அரசின் விதிகளும்

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தகவல் தொடர்பு அமைப்புகளுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை வகுத்துள்ளது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகள், கட்டடங்களை அவற்றின் இணைய வசதியின் அடிப்படையில் தரமதிப்பீடு செய்ய வழிவகுத்துள்ளன. வீடு வாங்குவோர் தண்ணீர், மின்தூக்கி, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றைப் போலவே இணைய வசதியையும் ஒப்பிட்டுப் பார்க்க இம்மதிப்பீடு துணைசெய்யும். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன.

கட்டடத்தினுள் ஏறும் குழாய்ப்பாதை இயல்பாகவே தனியுரிமைத் தன்மை கொண்டது. ஐந்து நிறுவனங்கள் ஐந்து பாதைகள் அமைப்பது வீண். ஒரே நிறுவனத்துக்குப் பாதையை ஒப்படைத்துவிட்டால் குடியிருப்போர் அதன் விலைக்குக் கட்டுப்பட நேரும். பாதையைச் சங்கமே அமைத்துத் தன் உடைமையாக வைத்துக்கொண்டு, எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே விதிமுறையில் திறந்துவிடுவதே போட்டியைக் காக்கும் வழி. மறுசீரமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் சங்கங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக்குழாய், 'கேட் சிக்ஸ்' முழுச் செம்புக் கம்பி, வேலை முடிந்தபின் தரச்சோதனை அறிக்கை ஆகிய மூன்றையும் நிபந்தனையாகச் சேர்த்தல் வேண்டும். கூலியும் சுவர் உடைப்பும் பூச்சும் சேர்ந்த செலவோடு ஒப்பிட்டால், நல்ல கம்பிக்கும் மட்டமான கம்பிக்கும் உள்ள விலை வேறுபாடு சிறிது. கணினியும் ரூட்டரும் சில ஆண்டுகளில் மாறும். சுவரினுள் உள்ள கம்பி ஒரு தலைமுறைக்கு இருக்கும்.

தாராவி போன்ற நெருக்கமான பகுதிகளில் வீட்டுக்கு வீடு குழாய் பதிப்பது இப்போதைக்கு எளிதன்று. அங்கே சந்துதோறும் ஒளியிழையைக் கொண்டுவந்து பொதுக் கம்பியில்லா இணைப்பு வழங்குவது நடைமுறைக்கு ஏற்றதாகும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பிஎம்-வாணி' திட்டம், சிறு கடைக்காரர்களும் உரிமக் கட்டணமின்றி இத்தகைய இணைப்பை விற்க இடமளிக்கிறது. ஆங்கும் கடையினுள் ஓடும் கம்பியும் இணைப்பானும் செம்மையாக இருந்தால்தான் திட்டத்தின் பயன் பயனாளியை அடையும்.

பயிற்சி பெற்ற கைகள்

இத்துறையில் பணிபுரியும் இளைஞர்கள் பலர் தொழிலை மற்றவர் செய்வதைப் பார்த்துக் கற்றவர்கள். அவர்களின் கைத்திறன் குறைவானதன்று. ஆனால் ஏன் 13 மில்லிமீட்டர், ஏன் இந்த நிற ஒழுங்கு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் குறுகிய காலப் பயிற்சியும், அவரவர் தாய்மொழியில் படங்களுடன் கூடிய கையேடும், இணைப் பிரிவையும் கண்டறியும் சோதனைக் கருவிகளைக் கூட்டாக வாங்கிப் பயன்படுத்தும் ஏற்பாடும் அமையுமானால், இவர்களின் வருவாயும் உயரும், வேலையின் தரமும் உயரும்.

ஒளியிழைக்காக நாடு செய்யும் முதலீடு முழுப் பயனைத் தருவதும் தராததும் கடைசிச் சில மீட்டர்க் கம்பியையும் எட்டுத் தொடுதகடுகளையும் பொறுத்துள்ளது. விதிகள் உள்ளன, தரங்கள் உள்ளன, பொருள்களும் கடைகளில் கிடைக்கின்றன. கேட்டு வாங்கும் குடியிருப்போர், எழுதி வாங்கும் சங்கங்கள், சோதித்துக் கொடுக்கும் தொழிலாளர்கள் ஆகிய முத்தரப்பினரும் தத்தம் கடமையைச் செய்வார்களாயின், கடைமடையில் இருக்கும் மாணவனின் மேசைக்கும் இணையம் குறைவின்றிப் போய்ச் சேரும்.